ஒரு நாள் தூரம்

– எங்க, இன்னொரு தடவை சொல்லு. வாட் இஸ் த பர்பஸ் ஆஃப் யுவர் ஜர்னி?

– டாட்டர்... டெலிவரி. ஏங்க, பயமா இருக்குங்க. இவங்க விசா குடுக்கலேன்னா, நம்ம பொண்ணு அங்க பிரசவத்துக்குத் தனியா என்ன பண்ணுவா?

– குடுப்பாங்க. 'டு ஹெல்ப் மை டாட்டர்'னு முழுசா சொல்லு. ரைட்டா?

– அந்த ஜர்னிங்கற வார்த்தையைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்குது.

– அதுக்கா பயப்படறே? பொண்ணு போன்ல சொன்னாளே, மறந்துட்டியா? பழைய பிரெஞ்சுல 'நாள்'னு அர்த்தம் வர்ற சொல்லுலேருந்து வந்ததாம். ஒரு நாள் வேலை, ஒரு நாள்ல போற தூரம். அதான் ஜர்னி.

– ஒரே நாளா? நான் போறது ஆறு மாசம்ங்க.

– அது அந்தக் காலத்துல. அப்புறம் நம்ம பஸ் ரூட்டு மாதிரி நீட்டிட்டாங்க.

– போங்க நீங்க, சிரிப்பே வரல. உங்க டோக்கன் எங்க?

– பையில இருக்கு. உனக்கு அப்புறம்தான் என்னைக் கூப்பிடுவாங்க.

– புருஷன் பொண்டாட்டியை ஒண்ணா கூப்பிட மாட்டாங்களா?

– கண்டக்டர் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது? எல்லாரையும் ஏத்திட்டுக் கடைசியாத்தானே நான் ஏறுவேன்.

– ஏறாம கீழயே நின்னீங்களே ஒரு தடவை!

– அட, அதுவா! படியில கால் வைக்கறதுக்குள்ள ரைட்டு சொல்லித் தொலைச்சேன். டிரைவர் பாவி எடுத்துட்டான். அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடினேன்ல!

– அப்ப ஓடினீங்க. இப்ப இந்த மாடி ஏறவே எத்தனை இடத்துல நின்னீங்க?

– வயசாகுதுல்ல. அதோ, உன் நம்பர் வந்துடுச்சு பாரு. எழுந்திரு.

– ஏங்க...

– தைரியமா போ. பின்னாடியே வரேன்.

– வராதீங்க. உங்களுக்கு டோக்கனே இல்ல.

– யாரு சொன்னா?

– குளிர் ஊருக்கு ஸ்வெட்டர் ஒண்ணுதானே வாங்கினீங்க? அதுவும் என் அளவுக்கு.

– அது வந்து... கடையில...

– பிளேன்ல ஏறினா உங்க நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்போ, நான் கதவுக்கு வெளியிலதாங்க நின்னுட்டிருந்தேன்.

– அடியே! தெரிஞ்சுமா இத்தனை நாள் சும்மா இருந்தே?

– பின்ன, இங்கிலீஷுக்கா நான் பயந்தேன்? அங்க அவளுக்கு ஆள் வேணும், இங்க உங்களுக்கும் வேணும். நான் என்னங்க பண்ணுவேன்?

– போம்மா. கூப்பிடறாங்க.

– நீங்களே ரைட்டு சொல்லுங்க. இல்லேன்னா எனக்குக் கால் எழும்பாது.