படியை இடிக்கிற எஞ்சின்

சனிக்கிழமை காலை, கிரான்பர்ன் போகும் ரயிலில் எனக்கு எதிரே எங்கள் ஊர்க்காரர் இருவர். ஒருவரின் மடியில் அட்டையில் செய்த சின்ன மாதா கோயில்.

"வளைவில எங்கட மாடல் ரயில் கோயில் படியை இடிக்குது, அன்ரன். படியை வெட்டுவம். பத்து மணிக்குக் கண்காட்சி."

"உனக்கென்ன விசரே? ஃபாதர் மந்திரிச்ச கோயில். கத்தி வைக்க விடமாட்டன்."

"ரயில் ஓடிப் பாக்கமுதல் ஆர் மந்திரிக்கச் சொன்னது?"

"வீட்டுக்கு வந்தவர், கண்டிட்டுத் தீர்த்தம் தெளிச்சிட்டார். மறிக்கிறதே?"

மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

"அப்ப ரயில் படிக்கு முன்னால நிக்கட்டும்," என்றார் அன்ரன் திடீரென்று. "'திருவிழா ஸ்பெஷல்' எண்டு போர்ட் வைப்பம். சனம் இறங்கிக் கும்பிட, வண்டி ரிவர்ஸில போகட்டும்."

மற்றவர் சிரித்துக்கொண்டே அட்டைக் கோயிலைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

"மாதாவே, இனி பிரேக் உங்கட பொறுப்பு."