அசல் குழாய்

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. என் கார்க் கண்ணாடியில் யாராவது விரல் பதித்தால்கூடத் திட்டமாட்டேன். துணி எடுத்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவேன்.

பழங்கார் சங்கத்துக்கு நான்தான் தலைவர். உறுப்பினர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேரிடம் ஓடுகிற கார் உண்டு. என் காருக்கு அறுபது வயது. ஆணி முதல் அச்சு வரை தொழிற்சாலையில் பிறந்தபடியே இருந்தது, சென்ற மாதம் மைத்துனன் கைவைக்கும் வரை.

என் மனைவியின் தம்பி அவன், மெக்கானிக். அக்காவும் ஓட்டுகிற வண்டி என்று, என்னைக் கேட்காமலே பிரேக் குழாயைக் கழற்றி, வேறு கம்பெனியின் புதுக் குழாயை மாட்டிவிட்டான்.

"மாமா, பழைய ரப்பர் வெடிப்பு விட்டுப் போச்சு. அது புட்டுக்கிச்சுன்னா நாலு சக்கரத்துக்கும் பிரேக் அம்போ."

"போட்டியில நடுவர் பாத்தா மார்க் போயிடும்டா."

"ரப்பருக்கு உங்க பெருமை தெரியாது மாமா."

என் மனைவி சிரித்தாள். "ஏங்க, உங்க வாயில இருக்கிற பல்லே ஒரிஜினல் இல்ல. காருக்கு மட்டும் என்னவாம்?"

சங்கச் செயலாளரும் அப்போது அங்கே இருந்தார். அவரும் சிரித்தார். அதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் பழைய குழாயை நானே மாட்டினேன். வளைத்துப் பார்த்தபோது வெடிப்புக்குள் நகம் போயிற்று. திடலுக்குக் காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். நான் முட்டாள் இல்லை. 'எல்லாப் பாகங்களும் அசல், ஓடும் நிலையில் உள்ளது' என்று கையெழுத்திட்டேன். முதல் பரிசு, இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை.

மறுநாள் காலை மனைவி சாவியை எடுத்தாள். "பாத்தீங்களா, தம்பி போட்ட குழாயோடவே ஜெயிச்சிட்டீங்க. அவன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அன்றைக்கே புதுக் குழாய் ஏறிவிடும். முந்தைய நாள் போட்ட கையெழுத்து என்ன ஆவது? மூடிக்கொண்டேன்.

எங்கள் தெரு நல்ல சரிவு. முடிவில் கருங்கல் சுவர். சத்தம் கேட்டபோது கோப்பையின் ஒரு கைப்பிடியைத் துடைத்து முடித்திருந்தேன். மற்றதையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான் மாட்டினதுதான் வெடிச்சிருக்கு. எங்கக்காவ நானே கொன்னுட்டேன்." அவனை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனீர்கள். நான் நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை. துக்க வீட்டில் என்ன பேசுவது?

ஐந்தாம் நாள் செயலாளரின் கடிதம் வந்தது. காரில் வெளிச் சரக்கு பொருத்தப்பட்டிருந்ததாகத் தெரியவருவதால் பரிசு ரத்தாம். அதற்குமேல் ஒரு மனிதன் பொய்யைச் சகிக்க முடியாது. அதனால்தான் நானே வந்தேன்.

புதுக் குழாய் பரண்மேல் காகிதம் சுற்றி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியவன் நான், தெரிந்தே அவளைப் போகவிட்டவனும் நான். மைத்துனனை அனுப்பிவிடுங்கள். என் மனைவி கடைசியாக மிதித்தது அசல் பிரேக்.

இந்தக் கடைசி வரியை மட்டும் முத்திரை வைத்துத் தனித் தாளில் கொடுத்தீர்களானால், சங்கத்துக்கு அனுப்பிவைப்பேன்.