அக்குஷி என்ற சொல்லும் என் மனைவி படுக்க மறுத்த பகலும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் ஹலினா அம்மையார் அவர்களே (மேடை ஏறியதும் நான் எடுத்துக் குடித்தது உங்கள் தண்ணீர், மன்னியுங்கள்), பியாவிஸ்தோக் நகரத்துப் பெரியோர்களே, எஸ்பெராந்தோவின் பச்சை நட்சத்திரம் அணிந்து பல நாடு கடந்து வந்த பண்பாளர்களே, பிள்ளை பெற்ற தாய்மார்களே, பக்கத்தில் நின்று மயங்கி விழுந்த தந்தைமார்களே, வணக்கம்!

வெந்நீர்க் குழாய் பழுதுபார்க்கும் போகுமில் நான். என்னைப் போய் 'அக்குஷி' என்ற சொல்லின் பிறப்பைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு நம் உலகப் பொதுமொழி எஸ்பெராந்தோ தந்த சொல். எங்கிருந்து வந்தது? பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பழைய பொருள் என்ன? படுக்கையில் கிடத்துவது. இன்னும் தோண்டினால் லத்தீன்: உரிய இடத்தில் வைப்பது. வலி இல்லை அதில், வாதை இல்லை. வாகாக ஒரு படுக்கை மட்டும்! முதலில் இப்படிச் சொன்னவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். தாய்மார்கள் மட்டும் கைதட்டுகிறீர்கள். சரி.

என் இல்டிகோ படுக்க மறுத்தாள். ஹங்கேரிக்காரி. மாநாட்டில் சந்தித்தோம், எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே மொழி எஸ்பெராந்தோ. போலிஷ் அவளுக்கு வராது, ஹங்கேரியம் எனக்கு வராது. பிரசவ அறையில், குழந்தையின் துடிப்பு தளர்கிறது, உடனே படுக்கச் சொல் என்கிறார் மருத்துவச்சி ஸ்டெனியா அம்மா. நான் எஸ்பெராந்தோவில் சொல்கிறேன். அவளோ சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஹங்கேரியத்தில் கதறுகிறாள். நம் கூட்டத்தில் தாய்மொழி பேசுகிறவரை முதலை என்று கேலி செய்வோமே, அந்தப் பழக்கம், அன்பர்களே, அந்தப் பாழும் பழக்கம் என் வாயிலும் வந்துவிட்டது!

"முதலையாட்டம் பேசாத இல்டி, எஸ்பெராந்தோல சொல்லு."

பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வெந்நீர்க் குழாயே உறைந்துபோகும். என்ன சொன்னாய் என்று மருத்துவச்சி கேட்டார். அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

"அவ பாஷையில ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுய்யா. இல்லேன்னா வெளிய நில்லு."

எனக்குத் தெரிந்த ஹங்கேரியம் எது? மாமியார் வீட்டுச் சாப்பாடு! குயாஷ் என்றேன். லாங்கோஷ் என்றேன். கண்ணீர் வழிய, மீன் குழம்பு ஹலாஸ்லே என்றேன். பந்தி முழுவதும் பரிமாறினேன். பின்வரிசை ஐயா, சிரியுங்கள், அவளும் சிரித்தாள்.

"பசிக்குதா உனக்கு?" என்றாள் எஸ்பெராந்தோவில்.

சிரித்தபடியே என் தோளில் சாய்ந்தாள். கிடத்தினேன். மகள் பிறந்தாள், ஊரைக் கூட்டும் குரலோடு.

அகராதி படுக்கை தரும், ஆறுதல் தருமா? வேர் பிரெஞ்சாக இருக்கட்டும், லத்தீனாக இருக்கட்டும், வலிக்கிறவள் பக்கம் வந்து நின்றால்தானே அது மொழி! உலகத்துக்கே ஒரு மொழி கேட்கும் நாம், ஒருத்தியின் மொழியில் நாலு சொல் கற்கக் கூடாதா?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கரம் பற்றிக் காத்த ஸ்டெனியா அம்மாவுக்கும், இரண்டாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் இல்டிகோவுக்கும் நன்றி, வணக்கம்.

அன்று மகளை மார்பில் போட்டுக்கொண்டு, பயந்துட்டியா என்று கேட்டாய், இல்டி. சேச்சே என்றேன். அன்றும் இந்த மேடையிலும் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: வலியில் நீ போன ஊருக்கு எனக்கு வழி தெரியவில்லை.