படத்தில் இல்லாத வட்டம்

— பேரே எழுத மாட்டேன்னு சொன்னீங்களே சாமி, அப்பறம் அந்தப் படத்துல மாதேவின்னு எழுதியிருக்குதாமே? மடிப்பு மேசைச் சித்தையன் பாத்துட்டு வந்து சொன்னான்.

— அது மேசையோட பேர், மேஸ்திரி. செக்கிங் மேசை ரெண்டு இருக்கோன்னோ? ஒண்ணு நஞ்சம்மா மேசை, இன்னொண்ணு மாதேவி மேசை. மில்லுல எல்லாரும் அப்படித்தானே சொல்றா?

— நாங்க வாயில சொல்றமுங்க. நீங்க காயிதத்துல போடறீங்க. காயிதத்துல ஏறுன பேரு மேனேஜர் ரூமுக்குப் போவும்.

— போகட்டுமே. யார் தப்புன்னு ஒரு எடத்துலயும் எழுதலை. புடவை தறியை விட்டு எறங்கினதுலேர்ந்து கோடவுனுக்குப் போற வரைக்கும் என்னென்ன ஆறதுன்னு படமாப் போட்டிருக்கேன், அவ்வளவுதான். வட்டம் போட்டிருந்தா அங்க துணி மேல ஒரு வேலை நடக்கறதுன்னு அர்த்தம். சதுரம்னா வெறுமன பாக்கறது, சோதனை. அம்புன்னா எடம் மாறறது. முக்கோணம்னா சும்மாக் கெடக்கறது.

— முந்தி ஒருத்தரு கடியாரத்தக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாருங்க. அவரும் இதத்தான் சொன்னாரு. நான் வேலையப் பாக்கறேன், ஆள இல்லேன்னு. அந்த வருசமே சாயப்பட்டறையில பாதிப் பேரத் தாட்டி உட்டுட்டாங்க.

— நான் அவரில்லை, சென்னப்பா.

— அவரும் ஒங்களாட்டமே பெங்களூருல படிச்சுப்போட்டு வந்தவருதானுங்க.

— சரி, நம்ப வேண்டாம். உட்காந்துண்டே சந்தேகப்படுங்கோ. ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒரு கல்யாணம். நம்ம மில்லுப் புடவை. பொண்ணு அதைக் கட்டிண்டு மணையில உட்காரப் போறச்சே முந்தானையில பொத்தல். எல்லாருக்கும் முன்னாடி. புடவையை வித்த கடைக்காரர் அதைக் கொண்டுவந்து மேனேஜர் மேசைல வீசிட்டுப் போனார். இது மொதல் தடவையும் இல்லை. தசரா வரப்போறது, இனிமே நம்ம சரக்கே வேண்டாம்னுட்டார்.

— அதெல்லாம் எங்களுக்கும் தெரியுமுங்க.

— மேனேஜர் என்ன நெனக்கறார்னும் தெரியுமோ? யூனியன்காரா யாரோ வேணும்னே கிழிக்கறாங்கறார். சாயங்காலத்துக்குள்ள "ஹெசரு பேகு"ங்கறார். ஒரு பேர் வேணுமாம்.

— பாத்தீங்களா! வெளிய வந்துருச்சு. மகாராசா காலத்துலயும் பேருதான் கேட்டாங்க. இப்ப நம்ம ராச்சியம்ங்கறாங்க, இப்பவும் பேருதான் கேக்கறாங்க.

— அவருக்குப் பேர் வேணும். நேக்கு எடம் போறும். எந்த எடத்துல பொத்தல் விழறதுன்னு தெரிஞ்சா போறும்.

— ஏனுங்க, எடம்னா அங்கொரு ஆளு நிக்காதா? எடத்தக் காட்டிப் போட்டா பேரு தன்னால வராதா?

— வரும். வரலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா எடம் தெரியலைன்னா, அவரே ஒரு பேரை எடுத்துப்பார். அது உங்க பேராக்கூட இருக்கலாம்.

— மெரட்டறீங்களா?

— பெருமாளே! ஏன் இப்படிப் பேசறேள்? இதோ, இந்தப் படத்தைப் பாருங்கோ. இது ஒரு புடவை. திரும்பி வந்த ஒவ்வொரு புடவைலயும் பொத்தல் எங்க இருந்துதோ, அங்க இதுல ஒரு புள்ளி வெச்சேன். உடம்புப் பக்கம் ஒண்ணும் இல்லை. எல்லாப் புள்ளியும் முந்தானைல, ஜரிகை ஓரமா வந்து மொய்ச்சிண்டு நிக்கறது.

— எலி கடிச்சிருக்கும்.

— எலி ஜரிகை ஓரம் பாத்துக் கடிக்குமா? தறி வாரியாப் பிரிச்சுப் பாத்தேன், எல்லாத் தறியிலயும் சமமா இருக்கு. ஷிப்ட் வாரியாப் பிரிச்சேன், ஒரு வித்தியாசமும் இல்லை. நூல் வந்த மூட்டை வாரியாக்கூடப் பிரிச்சேன். கடைசியா மேசை வாரியாப் பிரிச்சேன். நஞ்சம்மா மேசை வழியா வந்த புடவை ஒண்ணுலகூடப் பொத்தல் இல்லை.

— அப்ப மாதேவின்னு சொல்றீங்க. சுத்தி வளைச்சு அந்தப் பொம்பளப் புள்ளகிட்ட வந்து நின்னுட்டீங்க.

— மாதேவின்னு சொல்லலை. மாதேவி மேசைக்கும் மடிப்பு மேசைக்கும் நடுவுலன்னு சொல்றேன். நஞ்சம்மா கூடை செக்கிங் முடிஞ்சதும் நேரா மடிப்புக்குப் போறது. மாதேவி கூடை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறந்தான் போறது. நடுவுல எங்க இருந்துதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். சித்தையன், தெரியாதுங்கறான். நஞ்சம்மா மேலே பாத்துண்டு போயிடறா. நீங்க, "அங்கதான் கெடக்கும்"னேள்.

— கெடந்திருக்கும்.

— அதை நம்பி நானும் ஒரு முக்கோணம் போட்டேன். சும்மாக் கெடக்கற கூடைன்னு. அப்பறம் போய்த் தேடினா மேசைக்கு அடியில இல்லை, வராந்தாவுல இல்லை. நேத்து அந்தக் கூடைக்குப் பின்னாடியே போனேன்.

— வேவு பாத்தீங்களா?

— கூடையைப் பாத்தேன். அதைத் தூக்கிண்டு போனது நீங்க. நூல் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டேள்.

— போயிச் சொல்லிப் போடுங்க. தறிக்கூடத்து மேஸ்திரி சென்னப்பன் சேலை திருடறான்னு சொல்லுங்க. நானே வேணும்னா ஒங்ககூட வாறேன்.

— திருடினா புடவை குறையணும். ஒண்ணும் குறையலை. பொத்தல்தான் கூடிண்டே போறது. மேனேஜர்கிட்ட நான் இன்னும் வாயைத் தெறக்கலை. ஆனா ஒண்ணு, நீங்க சொல்லலைன்னா நான் நெனச்சுக்கறதுதான் நெசமாயிடும்.

— என்ன நெனச்சுக்கறீங்க?

— யூனியன் கூட்டத்துல மேனேஜரைத் திட்டினவர் நீங்க. கதவைச் சாத்திண்டு கிழிக்கறேள்னு நெனக்கறேன்.

— என்ற கையில நெய்ஞ்ச சேலையவா? நானே கிழிப்பனா? சாமி, வாய்க்கு வந்தத... அந்தக் கதவச் சாத்துங்க. வெளிய யாராச்சும் நிக்கறாங்களா பாருங்க. மாதேவி அம்மிணி நிக்குதா?

— ஒருத்தரும் இல்லை. சாத்தியாச்சு. மாதேவியை வரச் சொல்லியிருக்கேன், இன்னும் வரலை.

— நாஞ் சொல்றது காயிதத்துல ஏறப்படாது.

— மொதல்ல சொல்லுங்கோ.

— மாதேவிக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க.

— என்னது?

— போன மழைக்காலத்துல, எதேச்சையா அது பாஸ் பண்ணி வெச்ச சேலை ஒண்ண எடுத்து வெளிச்சத்துல புடிச்சேன். முந்தானையில முடிச்சு முடிச்சா நிக்குது. இன்னொண்ண எடுத்தேன், அதுலயும் அப்படித்தான். அது புருசன் கரியப்பனும் நானும் கௌதள்ளியில இருந்து ஒட்டுக்கா வந்தவங்க. பக்கத்துப் பக்கத்துத் தறி. இருமி இருமியே அவன் போயிச் சேந்தப்ப, அந்தம்மிணிக்கு அந்த மேசைய நாந்தான் கெஞ்சி வாங்கிக் குடுத்தேன். கண்ணு தெரியாதவளுக்கு எவன் செக்கிங் மேசை குடுப்பான்? தெரிஞ்ச அன்னிக்கே ஊட்டுக்குப் போவச் சொல்லிருவாங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு மார்டள்ளியில அப்பன் காட்டுல போயிக் களையெடுக்கோணும்.

— அதனால, அவ பாத்த புடவையை நீங்க மறுபடி பாக்கறேள்.

— ஆமாங்க. அதுக்குத் தெரியாம. நஞ்சம்மாக்கும் சித்தையனுக்கும் கூடை வாறது போறது தெரியும், எதுக்குன்னு தெரியாது. மேஸ்திரி சொன்னா வாயத் தெறக்க மாட்டாங்க.

— முடிச்சு கண்டா என்ன பண்ணுவேள்?

— பொறுமையா முள்வாங்கியால புடிச்சு எடுத்துருவேன். எடுத்துப் போட்டு மடிப்புக்கு அனுப்புவேன்.

— அப்போ நான் போட்ட முக்கோணம் தப்பு. சதுரமும் இல்லை. பாக்கறது மட்டும்னா சதுரம். முள்வாங்கி வெச்சாச்சுன்னா அது வட்டம். துணி மேல ஒரு வேலை நடந்திண்டிருக்கு, மில்லுல ஒருத்தருக்கும் தெரியாம.

— அப்ப நாந்தான் பொத்தல் போடறேங்கறீங்க. இருவத்தஞ்சு வருசமா முடிச்செடுத்த கைங்க இது.

— கையைக் குத்தம் சொல்லலை. நேக்கு வேற ஒண்ணு இடிக்கறது. அதே தறி, அதே நூல். நஞ்சம்மா மேசைக்குப் போற புடவைல முடிச்சே அபூர்வம். மாதேவி மேசைக்குப் போறதுல மட்டும் முந்தானை பூரா முடிச்சுங்கறேள். அது எப்படி?

— நான் கண்டேனா?

— தறியில வரலைன்னா, மேசைல வந்திருக்கணும். அவளே ஏதாவது...

— சாமி! அந்தப் பேச்ச அதோட நிறுத்துங்க. என்னையச் சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். அந்தம்மிணிய ஒரு வார்த்த சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்.

— கேக்கறதுக்கே கோபப்பட்டா எப்படி? இன்னிக்குக் கூடை எங்க?

— நூல் ரூமுல இருக்குது. இன்னும் பாக்கலை.

— தொடாம அப்படியே இங்க கொண்டு வாங்கோ. உங்க முள்வாங்கியையும் எடுத்துண்டு வாங்கோ. நானே கண்ணால பாத்துடறேன்.

— பாத்துப்போட்டு?

— பாத்துட்டுப் பேசுவோம். போயிட்டு வாங்கோ.

— சரிங்க. ஆனா நாம பேசுனது இந்த ரூமத் தாண்டப்படாது.

— தாண்டாது.

***

— கூப்புட்டு உட்டீங்களாமே சாமி.

— வாம்மா மாதேவி. உள்ள வா. மேஸ்திரி இப்பத்தான் எழுந்து போனார்.

— தெரியுமுங்க. வராந்தாவுல எதுக்க வந்தாரு. நான் சிரிச்சேன். அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.

— கோபத்துல போறார். என்மேல கோபம்.

— கோவமாட்டத் தெரியலீங்க.

— நேராக் கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதே. உன் கண் எப்படி இருக்கு?

— மேஸ்திரி அண்ணன் சொன்னாருங்களா?

— நோக்குத் தெரியுமா? உன் கூடையை அவர் எடுத்துண்டு போறது?

— மொத நாளே தெரியுமுங்க. கூடையில நான் வெக்கற அடுக்கு வேற, மடிப்பு மேசைக்கு வாறப்ப இருக்கற அடுக்கு வேற.

— தெரிஞ்சுமா பேசாம இருந்தே? இந்த மில்லுல யார் மேல சந்தேகம்னு தெரியுமோ? உன் மேசைலேர்ந்து போற புடவைலதான் பொத்தல். இன்னிக்குச் சாயங்காலம் மேனேஜர் கையில விழப்போற பேர் உன் பேர்.

— என்ற பேரே உழுகட்டும்னுதான் இருந்தேனுங்க.

— இது என்ன பதில்? ஒருத்தருக்கொருத்தர் எதையோ மூடி மறைக்கறேள். அவர் உனக்காகங்கறார். நீ யாருக்காக?

— ஒரு கல்யாணப் பொண்ணு மணையில அழுதுச்சுன்னு நேத்து நஞ்சம்மாக்கா சொல்லுச்சு. அதுல இருந்து சோறு எறங்கலீங்க. அதனாலதான் கூப்புட்டதும் வந்தேன். இத வாங்கிக்குங்க.

— என்ன இது?

— இன்னிக்கு நான் பாஸ் பண்ண சேலை. கூடையில போடலை. முந்தானைய சன்னலுகிட்ட புடிச்சுப் பாருங்க. முடிச்சு இருக்குதுங்களா?

— இல்லையே.

— அந்த நூலெண்ணற கண்ணாடிய வெச்சுப் பாருங்க. சித்த பொறுமையா. ஜரிகை ஓரத்துல.

— இல்லை. கண்ணாடி வெச்சும் ஒண்ணும் இல்லை. வழவழன்னு இருக்கு. அப்போ உன் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை.

— இல்லீங்க.

— பின்னே மேஸ்திரி ஏன் பொய் சொல்லணும்? முந்தானை பூரா முடிச்சுன்னு சத்தியம் பண்ணாத கொறையா சொல்லிட்டுப் போறாரே! நான் மொதல்ல சந்தேகப்பட்டதுதான் சரியா? உன்னைச் சாக்கா வெச்சுண்டு...

— அவரு பொய் சொல்ற ஆளில்லீங்க சாமி.

— அவர் சொல்றதும் நெசம், நீ சொல்றதும் நெசமா? எப்படி?

— என்னையக் கேக்காதீங்க. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அவரும் நம்ப மாட்டாரு. கரியப்பன் போனதுக்கப்பறம் என்ற புள்ளைங்களுக்கு அவருதான் எல்லாம். என்ற வாயால அதச் சொல்ல மாட்டேன். அவரு வாற சத்தம் கேக்குது. இந்தச் சேலைய அவரு கையில குடுங்க. முடிச்சு இருக்குதான்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க.

— நீ இங்க நிக்கறதைப் பாத்தா சங்கடப்படுவாரே.

— மறைய மாட்டேனுங்க, இந்த பீரோப் பக்கத்துல அவரு கண்ணுக்கெதுக்கவே நிக்கறேன். பாத்தாருன்னா பேசறேனுங்க.

***

— இந்தாங்க சாமி கூடை. ஒண்ணுகூடத் தொடலை. முள்வாங்கியும் கொண்டாந்துட்டேன்.

— வெச்சிடுங்கோ. அதுக்கு முன்னாடி இந்தப் புடவையைக் கொஞ்சம் பாருங்கோ.

— இது மாதேவி பாஸ் பண்ணதுங்களா?

— ஆமாம். சன்னலண்டை போய்ப் பாருங்கோ. முடிச்சு ஏதாவது உண்டா?

— நாஞ் சொன்னா நம்பலையே நீங்க! இதா ஒண்ணு நிக்குது. இதா, ஜரிகை ஓரமா இன்னொண்ணு. அட, இங்க பாருங்க, வரிசையாக் கெடக்குது! பாவம் அம்மிணி, ஒண்ணுகூட அது கண்ணுல படலை. சேலைய அந்தப் பக்கம் நல்லா இறுக்கிப் புடிங்க சாமி, அது இங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துப் போடறேன்.