நல்லாருக்கேங்க

அட கேளுங்கக்கா, முந்தாநாளு இதே டாக்டருகிட்ட ஒரு மணி நேரம் காத்துக் கெடந்து உள்ள போனா, அவரு இவனப் பாத்து "எப்புடி இருக்கே?"ன்னாரு. இவன் "நல்லாருக்கேங்க"ன்னுட்டான். அப்பறம் எதுக்கும்மா வந்தேன்னு என்னய மொறைக்கிறாரு. மானம் போச்சு.

என் தம்பிதாங்க, கண்ணையன். முப்பத்திநாலு வயசு. பொறந்ததுலேருந்தே ஒரு தினுசு. உத்துப் பாக்காதீங்க, சொவத்துப் பக்கம் திரும்பிக்குவான். யாரு கையும் மேல படக்கூடாது. வலி, காச்சல்னு வாயத் தொறந்து சொன்னதே இல்ல. ஒரு தடவ கால்ல ஆணி ஏறி, அதோடவே கடத்தெரு போயிட்டு வந்தான்னா பாத்துக்கங்க.

பின்ன எப்புடித் தெரிஞ்சுதுன்றீங்களா? சிமெண்டு ஏத்திட்டுப் போற கூட்ஸ் வண்டிய வச்சுத்தாங்க்கா. எங்கூரு ரயில்வே கேட்டுக்குத் தெனம் போயி பெட்டி எண்ணுவான். மழையோ இடியோ, போயிருவான். நாலு நாளாப் போவல. ஊதுற சத்தம் கேட்டும் சுருண்டு படுத்துக் கெடக்கான். எங்க வூட்டுக்காரரு, "விடுடி, புத்தி தெளிஞ்சிருச்சு"ங்கிறாரு. மொதல்ல இவருக்குத் தெளியட்டும்.

அந்த "நல்லாருக்கேங்க" இருக்கே... யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்காதீங்க. நாந்தான். எழுபத்தஞ்சாம் வருசம் என் கல்யாணத்தப்ப இவன் பொடிப்பய, சம்பந்தி சனம் எதுனா கேட்டா பேந்தப் பேந்த முழிப்பானேன்னு பத்து நாளு ஒக்கார வச்சுப் பழக்கினேன். இன்னிக்குக் காலையில மாத்திப் பழக்கிக் கூட்டியாந்தேன், "வலிக்குதுங்க"ன்னு. அரியலூர் பஸ்ஸுல கண்டக்டரு "எங்க போவணும்?"னாரு. "வலிக்குதுங்க"ன்னான். சிரிக்காதீங்கக்கா, பஸ்ஸே சிரிச்சிருச்சு.

ஆனா ஒண்ணு... யாரையும் தொடாதவன், நாலு நாளைக்கு முன்ன அவனா வந்து என் கையப் புடிச்சு, அடிவயித்துல வலது பக்கமா வச்சு அமுக்கினான். பசிக்குதாக்கும்னு ரெண்டு கரண்டி சோறு கூடப் போட்டேன். தின்னான், தின்னுட்டுக் கக்கினான். மறுநாளும் வந்து வச்சான். மறுபடியும் போட்டேன். இன்னிக்குக் காலையிலயும் வச்சான்... சின்னப்புள்ளையாடா நீன்னு கையத் தட்டி விட்டுட்டேன்.

அய்யோ, உங்ககிட்டச் சொல்லுறப்பத்தாங்க்கா எனக்கே ஒறைக்குது. சொல்லாமயா இருந்தான்? நாலு நாளா எங்கிட்டச் சொல்லிட்டேதான் இருந்திருக்கான், பாவி மவன்.

பேரு கூப்புடுறாங்க. எந்திரிடா கண்ணையா. உள்ள போயி வாயத் தொறக்காத. அந்த டாக்டரு கையப் புடிச்சு அங்க வையி.