கேதுரு மரத்துக்கு ஆள்

மில்காள்: ...கால் கழுவத் தண்ணி இல்ல. ஊர்ப் பொம்பளைங்க கிணத்துப் பக்கமே வராதேன்னுட்டாங்க. நப்தலி கோத்திரத் தலைவன் பொண்டாட்டிக்கு ராஜா வீட்டுலேருந்து தண்ணி வரட்டுமாம்.

மல்கியேல்: யாரு சொன்னது?

மில்காள்: யாரு சொல்லல? லீபனோன் மலையில கேதுரு மரம் வெட்ட நம்ம ஆம்பளைங்களைப் பிடிக்கப் போறாங்கன்னு, உங்களுக்கு முன்னாடியே செய்தி வந்து சேர்ந்துடுச்சு. நிஜமா?

மல்கியேல்: நிஜம்தான். ராஜாவுக்கு இன்னொரு மாளிகை வேணுமாம்.

மில்காள்: வாற்கோதுமை முத்தி நிக்குது. இப்பவா?

மல்கியேல்: அதைத்தான் நானும் கேட்டேன். அரண்மனை அதிகாரி, பொம்பளைங்க அறுக்கட்டுமேன்னு சொல்லிச் சிரிச்சான்.

மில்காள்: கூடவே நீங்களும் சிரிச்சீங்களா?

மல்கியேல்: மில்கா...

மில்காள்: இல்ல, கேக்கிறேன். அரண்மனைப் பந்தியில கறி தின்னுட்டு வேற என்ன பண்ணுவீங்க? போன தடவை நீங்க அனுப்பின பையன் ஏலா, வெட்டின மரத்துக்கு அடியில நசுங்கிச் செத்தான். அவன் அம்மா கையில மேலங்கியை மட்டும் கொண்டுவந்து குடுத்தீங்க. அப்பவும் இப்படித்தான் குனிஞ்சுட்டு நின்னீங்க.

மல்கியேல்: அதை மறக்கல நான்.

மில்காள்: மறக்காதவரு என்ன பேசிட்டு வந்தீங்க?

மல்கியேல்: அறுப்பு முடியிற வரைக்கும் சேவகர் யாரும் நம்ம எல்லைக்குள்ள வரக்கூடாதுன்னு கேட்டேன். முடிஞ்சதும் ஆட்களை நானே கொண்டுவந்து விடுறேன்னேன். ஒத்துக்கிட்டாங்க.

மில்காள்: நீங்களே... ஆட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி. என் தம்பி யாமீனையும் சேர்த்து. வெக்கமா இல்ல?

மல்கியேல்: யாமீன் எங்க? வயல்ல ஒருத்தரையும் காணோமே.

மில்காள்: தெரியாது.

மல்கியேல்: என்கிட்ட சொல்லு.

மில்காள்: ராஜாவோட ஆளுகிட்ட எதுக்குச் சொல்லணும்?

மல்கியேல்: புருஷன்கிட்ட சொல்லு.

மில்காள்: ...போயிட்டாங்க. செய்தி வந்த அன்னிக்கே நான்தான் அனுப்பினேன். ரொட்டி சுட்டுக் கட்டி, நம்ம கழுதைங்களையும் குடுத்து, யோர்தான் ஆத்துக்கு அந்தப் பக்கம். போங்க, போய் உங்க ராஜாகிட்டச் சொல்லுங்க.

மல்கியேல்: எல்லாருமா?

மில்காள்: கோடாலி தூக்கத் தெம்பு இருக்கிற அத்தனை பேரும்.

மல்கியேல்: ஆத்தைத் தாண்டியிருப்பாங்களா?

மில்காள்: எப்பவோ. ...என்ன இது, எதுக்குச் சிரிக்கிறீங்க?

மல்கியேல்: எப்படிச் சொல்லி அவங்களைத் தப்பிச்சு ஓட வைக்கிறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். நான் நாள் கேட்டது அறுப்புக்கு இல்ல, மில்கா.

மில்காள்: அப்போ... சும்மாவா நாள் குடுத்தாங்க? என்ன சொல்லிட்டு வந்தீங்க?

மல்கியேல்: ஆள் வரலைன்னா என் தலையை எடுத்துக்கலாம்னு.

மில்காள்: ...கிளம்புங்க. இப்பவே. அவங்க பின்னாடியே போயிடுங்க.

மல்கியேல்: நானும் ஓடினா, மிச்சம் இருக்கிற உங்க மேலதான் கை வைப்பாங்க. அரிவாளை எடு. கதிரையெல்லாம் அறுத்து வீட்டுக்குள்ள போட்டுட்டுத்தான் நான் ராஜாகிட்டப் போவேன்.