பத்து மணி அம்மாவின் ஏழு நிமிடங்கள்

என் அறையில் எப்போதும் பதினெட்டு டிகிரி குளிர் இருக்கும். அதனால் கோடையிலும் ஸ்வெட்டரோடுதான் இருப்பேன். அக்கா வாங்கிக் கொடுத்தது, முழங்கையில் தேய்ந்துவிட்டது. உங்களுக்கு இங்கே புழுக்கமாக இருந்தால் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக வாழும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டன் கொடுப்போம். கீழே விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அமுக்க வேண்டும். சிக்னல் என் அறையில் இருக்கும் சர்வருக்கு வரும். அங்கிருந்து முன்னறையில் அக்காவின் ஹெட்ஃபோனில் மணி அடிக்கும். பெயர், விலாசம், சாப்பிடும் மருந்து எல்லாம் அவள் திரைக்கு வந்துவிடும். முதலாளி, அக்காவின் கணவர். சர்வர் என் பொறுப்பு. பதினான்கு வருஷங்களில் ஒரு அழைப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அத்தான் ஒரு நாள் என் அறைக்கு வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு வழிதான்டா இருக்கு. இதே மாதிரி சொந்தமா மிஷின் வச்சுக்கறது, அது சொந்த வீடு. பெரிய கம்பெனியோட கிளவுட்ல இடம் பிடிச்சுக்கறது, அது வாடகை வீடு. இல்லன்னா பாதி இங்க, பாதி அங்க."

"பாதி பாதின்னா ரெண்டு இடத்துக்கும் ஓடணும் அத்தான்."

"ஓடறதுக்குத்தான் நீ இருக்கியே. மிஷினுக்கு ஏசி, முதலாளிக்கு ஃபேன். இது எங்கயாவது அடுக்குமா, நீயே சொல்லு?"

வாசலில் நின்ற அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் விளையாட்டாகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாடகைக்குப் போனால் இந்த அறை ஸ்டோர் ரூம் ஆகிவிடும். நான் அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற தம்பி ஆகிவிடுவேன். கல்யாணம் ஆகவில்லை, வேறு வேலை தெரியாது. அந்த அறைதான் எனக்கு எல்லாம்.

ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எண்பது வீடுகள். நாற்பது என் சர்வரில், நாற்பது கிளவுடில். எந்தப் பக்கம் சீக்கிரம் மணி அடிக்கிறதோ அதுவே நிரந்தரம். யார் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பொறுமையாக, ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பிரித்தேன். பிள்ளைகள் அடிக்கடி வந்து போகிறவர்களை என்னிடம் வைத்துக்கொண்டேன். யாருமில்லாதவர்களைக் கிளவுடுக்கு அனுப்பினேன்.

அதில் ஒருவர் பத்து மணி அம்மா. நாங்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். பட்டன் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்த்தால் போதும். அவர் தினமும் காலை பத்து மணிக்கு அமுக்குவார். "லைன் சரியா இருக்காம்மா?" என்று அக்காவைக் கேட்பார். பிறகு இருவரும் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுவார்கள். அக்காவுக்கு அம்மா இல்லாத குறையை அந்த ஐந்து நிமிடம் தீர்த்தது என்றே சொல்லலாம்.

முதல் வாரக் கணக்கைப் பார்த்தேன். கிளவுட் பக்கம்தான் வேகம். அரை விநாடி வித்தியாசம். அதை நான் அத்தானிடம் காட்டவில்லை.

வீடுகளிலிருந்து வரும் சிக்னலை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும் கருவி என் மேஜையில்தான் இருந்தது. எந்தப் பக்கம் போகிற சிக்னலானாலும் அது வந்த நேரம் முதலில் என் சர்வரில் பதிவாகும். கிளவுட் பக்கத்து நாற்பது வீடுகளின் சிக்னலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து அனுப்பும்படி ஒரு வரி எழுதினேன். முதலில் இருபது விநாடி. பிறகு இரண்டு நிமிடம். யாரும் புகார் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லாதவர்களாகப் பார்த்துத்தானே எடுத்திருந்தேன். புகார் வந்தால் தோண்டுவார்கள், தோண்டினால் அந்த ஒரு வரி அகப்பட்டுவிடும்.

பத்து மணி அம்மா மட்டும் கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"தம்பி, பட்டன அமுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். நூத்தி இருபது வந்துடுச்சு. நடுவுல ஏதோ குறுக்க உக்காந்திருக்குப்பா."

"வாடகை மிஷின் ரொம்ப தூரத்துல இருக்கும்மா. அதான்."

"தூரமெல்லாம் இல்ல. எத்தனை வருஷம் லைன் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? யாரோ கையப் பிடிச்சு நிறுத்தற மாதிரி இருக்கு. பாருப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பார்க்கிறேன் என்றேன். கூசிப்போயிற்று. அவரை மட்டும் என் பக்கம் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றினால் முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று என்று ஆகிவிடும். ஏன் என்று அத்தான் கேட்பார். விட்டுவிட்டேன். கடைசி வாரம் சராசரியைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட வேண்டியிருந்ததால் இரண்டை ஏழாக்கினேன். அடுத்த நாளிலிருந்து அவர் பத்து மணிக்கு அமுக்கவில்லை. கோபமாக இருக்கும் என்று அக்கா வருத்தப்பட்டாள்.

சோதனையின் கடைசி நாள் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அவருடைய எண் என் திரையில் வந்தது. அது பத்து மணி இல்லை என்பதை நான் உடனே கவனித்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மறுபடி அமுக்கினார். மறுபடி. அந்த வரியை அழிக்க ஒரு விசை போதும், என் விரல் அதன்மேல்தான் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு அத்தான் கணக்கைக் கேட்பார். இந்த ஒரு அழைப்பு மட்டும் சட்டென்று போய்ச் சேர்ந்தால் சந்தேகம் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழு நிமிடம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாற்பத்தேழுக்கு மணி அடித்தது. அக்கா, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் குரல் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் போனபோது குளியலறை வாசலில் பட்டனைப் பிடித்தபடி கிடந்தாராம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

கிளவுட் வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. "உன் பேச்சைக் கேட்டிருக்கணும்டா" என்று அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். அக்காவுக்காகத்தான். பத்து மணி ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "நான் தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தேனாடா? மணி அடிச்சது எனக்குக் கேக்கலையா?" என்று நூறு தடவை கேட்டுவிட்டாள். "இல்லக்கா, வாடகை மிஷின்தான்" என்று நூறு தடவையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. அழைப்பைத் தாமதமாக எடுத்தது தான்தான் என்று போன வாரம் இதே ஸ்டேஷனில் உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அது பொய். அவள் நொடியில் எடுத்தாள்.

ஆகவே, அந்த ஏழு நிமிடமும் என்னுடையது. அந்த அம்மாவைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மொத்தம் பதினொரு முறை அமுக்கினார். பதினொன்றும் நேரத்தோடு, விநாடி சுத்தமாக, என் சர்வரில் பதிவாகியிருக்கிறது. ஒன்றைக்கூட அது தவறவிடவில்லை.